மூலை மழுங்கின சில்லு நட்டும் முறுக்குப் பல் சொக்கெற்றும்: பாவிச்ச ஆள் சொல்லுறன்

கொடிகாமத்தில பழைய கன்ரர் லொறி ஓடுற சிநேகிதன் போன கிழமை போனில கேட்டான்: "மச்சான், மூலை மழுங்கின நட்டுக் கழட்டுற அந்தச் சொக்கெற் செற் நீ வைச்சிருக்கிறாய் எல்லே? இப்ப விலை இறங்கிக் கிடக்காம். எடுக்கட்டோ?" எடு எண்டும் சொல்ல ஏலேல்லை, வேண்டாம் எண்டும் சொல்ல ஏலேல்லை. அதால எழுதுறன்.

சாமான் என்னெண்டால், சாவி பிடிக்காத மழுங்கின நட்டைக் கடிச்சுக் கழட்டுற சொக்கெற். வெளியில பாத்தால் சாதாரண சொக்கெற். உள்ளுக்குத்தான் ஆறு மூலை இல்லாமல் சரிஞ்சு முறுகின பல்லு. இடப்பக்கம் சுத்தச் சுத்த அது நட்டின்ர உடம்பைக் கடிச்சுக்கொண்டு இறுகும்.

நான் வாங்கினது என்ர பட்டாவுக்கு (ராட்டா ஏஸ் சின்ன லொறி). மீன் ஏத்துற வாகனம். குருநகரில பெட்டி ஏத்தினால் ஐஸ் உருகி உப்புத்தண்ணி பின்சில்லுப் பக்கம் வடிஞ்சுகொண்டே இருக்கும். போதாக்குறைக்குப் பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கமும் ஓடுறது. மாரியில ரெண்டு பக்கமும் கடல், நடுவில நாங்கள். நட்டு கறள் பிடிக்காமல் என்ன செய்யும்? ஆனால் கறள் மட்டும் நட்டை மழுக்காது. அதை மழுக்கிறது ரயர் கடையில. எந்தக் கடையெண்டு சொல்லேல்லை, பெடியனை மட்டும் சொல்லுறன். தேஞ்ச பன்னிரண்டு மூலைச் சொக்கெற்றை எயர் கன்னில மாட்டி, சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு, இறுக்கேக்கையும் முழு வேகம், கழட்டேக்கையும் முழு வேகம். கையால ரெண்டு மரை பிடிக்க விட்டுட்டுக் கன்னைப் போடடா எண்டால் என்னை ஒரு பார்வை பாப்பான்.

இந்தச் செற்றுக்கு முதல் செய்யாத வைத்தியம் இல்லை. மண்ணெண்ணெய் ஊத்தி இரவு விட்டுப் பாத்தது. பொருளாதாரத் தடைக்காலத்தில மண்ணெண்ணெயிலயே கார் ஓட்டின ஊர், எங்களுக்கு எதுக்கும் முதல் மருந்து அதுதான். ஒரு அளவு சின்னச் சொக்கெற்றை மேல வைச்சுச் சுத்தியலால இறக்கிக் கழட்டினதும் உண்டு. நட்டு வரும், சொக்கெற் செத்துப்போகும். உளி வைச்சுத் தட்டினால் ரிம்மில காயம். மேல இன்னொரு நட்டை வெல்டிங் பண்ணிக் கழட்டலாம் எண்டு சொல்லுவினம். உண்மையிலேயே கழரும். ஆனால் காத்து நிக்கிற ரயரோட ரிம்மைச் சூடாக்கினால் ரயர் வெடிக்கும், பக்கத்தில நிக்கிற ஆளும் தப்பாது. அந்த விளையாட்டு வேண்டாம்.

இனி இந்தச் சாமானைப் புகழவேணும். உண்மையிலேயே திறம். சில்லு நிலத்தில நிக்கேக்கைதான் இதைப் போடவேணும், ஜக்கில தூக்கின பிறகில்லை. பக்கத்து நட்டுகளைக் கழட்டி இருந்தால் திரும்ப இறுக்கவேணும், இல்லாட்டி முழுப் பாரமும் அந்த மழுங்கினதில வந்து நிக்கும். பிறகு நட்டிலை கிடக்கிற கறளைக் கம்பிப் பிரசால உரசிப்போட்டு, சொக்கெற்றை வைச்சு, சுத்தியலால நல்லா அடிச்சு இருத்தவேணும். நீட்டுக் கம்பியில பாரத்தைப் போட, முதல் கம்பி வளையும். பல்லு இறங்குறது கைக்குத் தெரியும், கொஞ்சம் வழுகிற மாதிரி. அதில பயந்து விட்டால் போச்சு. விடாமல் அமத்தினால் "டிக்" எண்டு ஒரு சத்தம், மரைக்குள்ள இருந்து செம்மண் மாதிரிக் கறள் கொட்டும். அதுக்குப் பிறகு ஒரு விரலால சுத்தலாம். மெக்கானிக் அண்ணை அரை நாள் மினக்கெட்டுக் கைவிட்ட நட்டு ஒண்டு, தேத்தண்ணி ஆற முன்னம் கழண்டது. அந்தச் சந்தோசத்துக்கே குடுத்த காசு சரி.

சரி, அரியண்டத்துக்கு வருவம்.

கழண்ட நட்டு சொக்கெற்றை விட்டு வராது. கடிச்சது கடிச்சதுதான். அடுத்த நட்டுக்கும் அதே அளவுதான் வேணும், ஆனால் சொக்கெற்றுக்குள்ள முதல் நட்டு குந்திக்கொண்டு இருக்கு. கம்பி மாட்டுற சதுர ஓட்டைக்குள்ளால தட்டுற இரும்பாணி ஒண்டை விட்டு அடி, அடி, அடி. சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இல்லாத இடத்தில, ஊர்காவற்றுறை வெய்யிலுக்குள்ள, றோட்டோரம் கல்லு வைச்சு அடிச்சுப் பாருங்கோ, விசர் வரும். வாங்கி இவ்வளவு காலமாகியும் ஒவ்வொரு முறையும் இதே கூத்து. பெட்டியில தூசியளவு அறிவுரையும் இல்லை. கடைசியா ஒரு பழைய வீல் போல்ற் வழி காட்டினது. அதை வைஸில பிடிச்சு, சொக்கெற்றோட சேத்து நட்டை அதில ஏத்தி, இறுக்குற பக்கம் சுத்தினால் பல்லு கடிச்ச வழியாலயே திரும்பி விட்டுவிடும். லேசு. ஆனால் அதுக்கு வைஸ் வேணுமே! சில்லு கழராமல் நிக்கிறது எப்பவும் வைஸ் இல்லாத இடத்திலதானே.

கன்ரருக்குக் கதை வேறை. பழைய ஜப்பான் லொறியளில இடப்பக்கச் சில்லுக்கு இடது மரை. போல்ற் முகத்தில ஆங்கில 'எல்' எழுத்து அடிச்சிருக்கும், துடைச்சால் தெரியும். அந்த நட்டைக் கழட்ட வலப்பக்கம் சுத்தவேணும். இந்தச் சொக்கெற்றோ இடப்பக்கம் மட்டும்தான் கடிக்கும். வலப்பக்கம் சுத்தினால் வழுகி மிச்ச மூலையையும் திண்டுபோட்டு வரும். அதோட பின்னுக்கு இரட்டைச் சில்லு: வெளி நட்டு 41 மில்லிமீற்றர், உள்ளுக்கு 21 சதுர நட்டு. என்ர செற்றில பெரிசு எண்டு இருக்கிறது 27. வெளி நட்டு இறுகினால் உள் நட்டும் சேந்து சுத்தும், அது தனித் தலையிடி. கன்ரர்காரருக்கு என்ர புத்தி, காசைத் தேயாத, அறுமூலை 41 இம்பக்ற் சொக்கெற் (அடி தாங்குற தடிச்சது) ஒண்டுக்கும் ஒரு நீட்டு இரும்புப் பைப்புக்கும் போடுங்கோ. சுத்த முதல் எந்தப் பக்கச் சில்லெண்டு பாருங்கோ. பிழைப் பக்கம் பைப் போட்டு ஏறி மிதிச்சுப் போல்ற்றையே முறிச்ச ஆக்களைக் கண்டிருக்கிறன்.

மற்றதெல்லாம் சின்னக் கதை. எயர் கன்னில போடக்கூடாது, என்ர 19 அப்பிடித்தான் வெடிச்சது (இரவல் குடுத்த இடத்தில). கழட்டின நட்டைத் திருப்பிப் போட ஏலாது, புதுசு வாங்கேக்கை அடிப்பக்கம் கூம்போ உருண்டையோ எண்டு பழசோட வைச்சுப் பாத்து வாங்கவேணும். புது நட்டுப் போட்டுக் கொஞ்சத் தூரம் ஓடினாப் பிறகு ஒருக்கா இறுக்கிப் பாக்கிறது நல்லது.

2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 இல திறக்கும்வரை எல்லாரும் பழசைத்தான் உருட்டினம். அந்தக் காலத்தில இந்தச் செற் என்ர பட்டாவை எத்தினையோ தரம் றோட்டில இருந்து வீட்டை கொண்டுவந்தது. அப்பிடியிருந்தும் நட்சத்திரம் போடச் சொன்னால் அஞ்சுக்கு ரெண்டு. நேற்று கழட்டின நட்டு இப்பவும் 21 சொக்கெற்றுக்குள்ள இருக்கு, வைஸ் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் வவுனியாவில.