தங்கத்தைச் சோதிக்க எக்ஸ்ஆர்எஃப் மெஷினா, உலையா?

எக்ஸ்ஆர்எஃப் மெஷின் நகையில் கீறல்கூடப் போடாது. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிர் உமிழும். அதை வைத்து 91.6 சதவீதம் தங்கமா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். சரி, எதைப் பார்த்து? மேல்பரப்பை மட்டும்தான். தடித்த தங்கத் தோலுக்குள் டங்ஸ்டன் என்ற மலிவான உலோகம் இருந்தால் மெஷினுக்குத் தெரியாது. சுத்தத் தங்கக் கட்டி என்றால், டங்ஸ்டனின் அடர்த்தியும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால் எடையிலும் மாட்டாது.

உலைச் சோதனைக்கு நகையில் கொஞ்சம் வெட்டியே ஆக வேண்டும். அந்தத் துணுக்கோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, நுண்துளைக் கிண்ணத்தில் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்குவார்கள். ஈயம் செம்பையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிவிடும். அப்புறம் நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைக்க, மிஞ்சியதை நிறுப்பார்கள். மணிக்கணக்கில் ஆகும், தகராறு என்று வந்தால் நான் நம்புவது இதைத்தான். ஆனால் இரிடியம் என்ற உலோகம் கலந்திருந்தால் இதுவும் ஏமாறும், அது கரையாமல் தங்கத்தோடு எடை காட்டும். அதைப் பிடிக்க மறுபடி எக்ஸ்ஆர்எஃப்தான்.