"யாருக்கும் தெரியாத கோல்ஃப் மைதானம்" என்று பேக்கேஜ் விற்கிறார்கள், உஷார்

வெளிநாட்டில் கோல்ஃப் ஆடப் போகும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் நண்பர்களுக்கு இந்தப் பதிவு. "டூரிஸ்ட் கண்ணில் படாத மைதானம், நாங்கள் மட்டும்தான் ஏற்பாடு செய்வோம்" என்று யாராவது இலங்கைக்கோ மலேசியாவுக்கோ பேக்கேஜ் நீட்டினால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வேலூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு டிராவல் ஏஜென்ட் என்னிடம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு மூன்று மைதானங்களுக்கு வவுச்சர் கொடுத்தார். ஒன்றுகூடச் செல்லவில்லை.

நம்ம ஊரில் கோல்ஃபா என்று சிரிப்பவர்கள் தோல் ஏற்றுமதியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டு பையர் வந்தால் ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கோ சென்னைக்கோ ஆட அழைத்துப் போகவேண்டியிருக்கும். கூடப் போய் நின்றவன் நாளடைவில் ஸ்டிக்கைப் பிடித்துவிடுவான். எனக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இலங்கையைத் தேர்ந்தெடுத்தது கிட்டத்தில் இருக்கிறது, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்பதால். நான் முதலில் கேட்டது ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப். 1879-இல் தொடங்கிய கிளப். மைதானத்துக்கு ஊடே ரயில் பாதை போகும். "அது எல்லாரும் போறது சார், உங்களுக்கு வேற மாதிரி பண்றேன்" என்றார் ஏஜென்ட். நுவரெலியாவில் ஒன்று, ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் 'பிரைவேட்' மைதானம் ஒன்று, நீர்கொழும்புக் கடற்கரையில் ஒன்று என்று பட்டியல் வந்தது. தோட்டத்து மைதானத்தைப் பற்றி நெட்டில் ஒன்றுமே இல்லையே என்றேன். "நெட்ல இருந்தா அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே சார்" என்று சிரித்தார்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமமே அந்த ஒரு வரிதான். பேர்பெற்ற மைதானத்தைச் சொல்லிப் பொய் விற்றால் ஒரு போனில் மாட்டிக்கொள்வார். யாருக்கும் தெரியாத இடம் என்றால், விவரம் கிடைக்காததையே அதன் பெருமையாகச் சொல்லி விற்றுவிடலாம்.

நுவரெலியா கோல்ஃப் கிளப் 1889-இலிருந்து இருக்கிறது. ஆறாயிரம் அடிக்கு மேலே, ஊருக்கு நடுவிலேயே மைதானம். கவுண்டரில் வவுச்சரைக் கொடுத்ததும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். என் பெயரில் புக்கிங் எதுவும் இல்லை. ஆனால் விரட்டவில்லை. வெளியாட்களும் அங்கேயே கட்டணம் கட்டி ஆடலாம் என்றார்கள். கேடிக்கும் (பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் உதவியாளர்) வாடகை ஸ்டிக் செட்டுக்கும் சேர்த்துக் கட்டிய தொகை, ஏஜென்ட் அந்த ஒரு ஆட்டத்துக்கு என்னிடம் போட்ட கணக்கில் பாதிகூட இல்லை. கேடியாக வந்தவர் மலையகத் தமிழர். "மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாருங்க ஐயா, பந்தும் அங்கதான் போவும்" என்று ஒவ்வொரு கிரீனிலும், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையிலும், சரிவைக் காட்டிக்கொடுத்தார். பந்தை அடித்துக்கொண்டு போகும் புல்பாதையான ஃபேர்வே குறுகியது, இருபுறமும் மரம் நெருக்கும். பந்துகள் நிறையத் தொலைந்தன. இருந்தாலும் அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

சரி, தோட்டத்து மைதானத்துக்கு வருவோம். வளைந்து வளைந்து ஏறி, வேன்காரர் நாலு இடத்தில் வழி கேட்டு, வவுச்சரில் இருந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரை போட்ட பழைய கிளப் கட்டடம், பூட்டிக் கிடந்தது. எதிரே சரிவான புல்வெளியில் இரண்டு மாடுகள். காவல்காரரிடம் கோல்ஃப் பையைக் காட்டிக் கேட்டேன். "தொரைமாரு காலத்துல ஆடுனாங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு. இப்ப லீவு நாள்ல புள்ளைங்க கிரிக்கெட் ஆடுதுங்க" என்றார். பொய் முழுக்கக் கற்பனையாக இருந்தால் சீக்கிரம் உடைந்துவிடும். எப்போதோ நிஜமாக இருந்த ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் மேல் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார் மனுஷன். அந்த உழைப்பை ஒழுங்கான தொழிலில் காட்டியிருக்கலாம். காவல்காரர் வீட்டில் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நீர்கொழும்பில் இருந்தது ஒரு ஓட்டல் புல்தரை. பந்தைத் தட்டிப் பழகலாம், அவ்வளவுதான்.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால் முதலில் "லோக்கல் பார்ட்னர் சொதப்பிட்டாரு சார்", பிறகு "மீட்டிங்ல இருக்கேன்", அதற்கப்புறம் போனே எடுப்பதில்லை.

ஊருக்கு வந்து பில்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் பதினைந்து எழுத்து இருக்கவேண்டும், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும். இவருடைய பில்லில் பதினான்குதான். ஜிஎஸ்டி தளத்தில் எந்த எண்ணையும் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. அடுத்து டிசிஎஸ், அதாவது விற்பவரே நம்மிடம் முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்பவர் அந்த வரியைப் பிடித்து நம் பான் எண்ணில் கட்டவேண்டும். கட்டியிருந்தால், நம் பான் எண்ணில் ஏறிய வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் தெரியும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். என்னிடம் டிசிஎஸ் என்று தனி வரி போட்டே வாங்கினார். 26ஏஎஸ்-இல் அப்படி எதுவும் ஏறவில்லை. பணம் போனதும் கம்பெனிக் கணக்குக்கு அல்ல. யுபிஐ-இல் திரையில் வந்தது ஒரு தனியாளின் பெயர். "எங்க அக்கவுண்டண்ட்தான் சார்" என்றார். 26ஏஎஸ் பணம் கட்டிய பிறகுதான் தெரியும். ஆனால் ஜிஎஸ்டி எண் தப்பாக இருந்தாலோ, யுபிஐ-இல் தனியாள் பெயர் வந்தாலோ அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு சோதனை மைதானத்துக்கே உரியது. கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தை விரித்துப் பாருங்கள். கோல்ஃப் மைதானம் என்றால் பங்கர் என்கிற மணல் பள்ளங்கள் வெளிறித் தெரியும், கிரீன்கள் தனி நிறத்தில் வட்டம் வட்டமாகத் தெரியும், எண்ணிக்கூடப் பார்க்கலாம். ஹட்டன் பக்கத்து முகவரியில் தெரிவது தேயிலை வரிசையும் ஒரு மொட்டைச் சரிவும். பதினெட்டு ஹோல் (குழி) என்று சொல்லிவிட்டு ஒன்பதையே இரண்டு சுற்று ஆடவைப்பதும் நடக்கிறது. சின்ன மைதானங்களில் அது வழக்கம்தான், தப்பில்லை. ஆனால் விலை அதற்கேற்ப இருக்கவேண்டும்.

உண்மையில் சின்ன கிளப்புகளில் இடம் பிடிக்க நடுவில் ஆளே தேவையில்லை. செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எந்த நாளில் வெளியாட்களை விடுவார்கள், அன்று போட்டி ஏதாவது இருக்கிறதா, பராமரிப்புக்கு மூடுகிறார்களா, கேடி கட்டாயமா, கிரீன் ஃபீ என்கிற ஆட்டக் கட்டணத்தில் என்னென்ன அடங்கும் என்று கேட்டால் போதும். பல ஊர்களில் திங்கட்கிழமை மூடிவிடுவார்கள், கவனம். சென்னையிலோ பெங்களூரிலோ கிளப் உறுப்பினராக இருந்தால், எந்த வெளிநாட்டு கிளப்போடு உடன்பாடு இருக்கிறது என்று அங்கே கேளுங்கள். அறிமுகக் கடிதம் தருவார்கள். ஆட்டத் திறனை எண்ணில் காட்டும் ஹேண்டிகேப் சான்றும் கையில் இருக்கட்டும், சில இடங்களில் கேட்பார்கள். ஸ்காட்லாந்தின் சில கிராமத்து மைதானங்களில் கோயில் உண்டியல் மாதிரி ஒரு பெட்டிதான் இருக்கும், பணத்தைப் போட்டுவிட்டு ஆடவேண்டியதுதான். அங்கே ஏஜென்ட் எதை ஏற்பாடு செய்வார்?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஏஜென்ட்டிடமிருந்து பதில் இல்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கொழும்பில் நடந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிடவேண்டும்.

வழக்கு நடப்பதால் ஏஜென்ட்டின் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி 'பிரைவேட்' மைதான வவுச்சர் வாங்கி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், பில், யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.