கச்சானும் வாடையும் தெரிந்த சேவை எது? பாம்பன் முதல் தொண்டி வரை ஒரு மதிப்பீடு

"மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும்." எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடும் வரி இது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் வல்லத்தை (நாட்டுப்படகை) கட்டிவிட்டு நிற்கிறவருக்கு இது அரைச் செய்தி. அவர் கணக்கில் கடல் இரண்டு. பாம்பன் பாலத்துக்குத் தெற்கே தென்கடல், வடக்கே வடகடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கண்மாய் மாதிரிக் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று ஏறிவிட்டால் நிலைமை தலைகீழ். (ஆண் கடல், பெண் கடல் என்று சுற்றுலா வந்தவர்களுக்குச் சொல்கிற கதையெல்லாம் பாதி வருஷத்துக்குத்தான் செல்லும்.) நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, எத்தனை பாக ஆழத்தில் வலை விடலாம், காற்று எப்போது திரும்பும் என்பதுதான் அவர் கேட்கிற மீதி.

இந்தக் கரையில் மீனவக் குடும்பங்களுக்குக் கற்றுத்தருகிறோம், கைகொடுக்கிறோம் என்று பல சேவைகள் உண்டு. அவற்றை எடைபோட இந்த மீதிச் செய்தியே போதும். கடலோடிக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்குகிற சேவை உருப்படியாக இருக்கிறது. அவரை ஒன்றும் தெரியாதவராக உட்காரவைத்துத் தொடங்குவது, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு முடிந்துவிடுகிறது.

முதலில் வானொலி. பாம்பனிலிருந்து 90.4இல் வரும் கடல் ஓசை, 2016இல் தொடங்கிய சமூக வானொலி. மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளே பேசுகிறார்கள் என்பதுதான் அதன் பலம். கடல்நிலை, அரசுத் திட்டம், ஆமை, பவளப்பாறை என்று எதைச் சொன்னாலும் ஊர்ப்பேச்சிலேயே வருவதால் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும் இப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது. இழுக்கிற கூட்டம் குறைந்தால் பாட்டும் குறையும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்கிப் பாட வேண்டும் என்பதால் தனியாளால் அதைக் காப்பாற்ற முடியாது.

அதன் எல்லையையும் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். சமூக வானொலிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் திறன் 100 வாட், ஆன்டெனா உயரம் 30 மீட்டருக்குள். ஆகவே ஒலி தெளிவாக எட்டுவது சுமார் 10 கிலோமீட்டர்தான். கரையோரம் போய்வரும் நாட்டுப்படகுக்கு இது போதும். கச்சத்தீவுப் பக்கம் போகிற விசைப்படகுக்குப் பாதி வழியிலேயே இரைச்சல்தான் மிஞ்சும். சொந்தமாகச் செய்தி அறிக்கை வாசிக்கவும் சமூக வானொலிக்கு அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவே. வானிலை, இயற்கைச் சீற்றம், குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகளுக்குத் தடையில்லை. "நேற்று நடந்த பிரச்சினையைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை" என்று கோபிப்பவர்கள் இந்த விதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

கேட்பதற்குப் பழைய பேட்டரி ரேடியோதான் சிறந்தது. கைபேசியில் கேட்கிறவர்கள் இயர்போன் வயரைச் செருக வேண்டும், ஏனென்றால் அந்த வயர்தான் ஆன்டெனா. வயர் குத்துகிற துளையே இல்லாத புதுக் கைபேசிகள் பலவற்றில் எப்.எம். வராது. ரேடியோவைப் பாலிதீன் பையில் இரட்டை முடிச்சுப் போட்டு வைத்தாலும் அதன் பேட்டரி முனையில் பச்சை பூத்துவிடும். வாரம் ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

அடுத்தது கடற்பாசி. இங்கேதான் கற்றுக்கொடுப்பதில் உள்ள நல்லதும் கெட்டதும் பளிச்சென்று தெரிகின்றன. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று இனம் பிரித்து, தீவோரத்தில் மூழ்கிக் கையால் பறிக்கிற பெண்கள் பாம்பன் பக்கம் தலைமுறையாக இருக்கிறார்கள். கண்ணாடி, விரலில் துணிச்சுற்று, காலில் ரப்பர் செருப்பு, சேலைக்கு மேல் சட்டை. தகட்டால் சுரண்டாமல் கையால் பறிப்பது, மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் மட்டும் இறங்குவது என்ற கட்டுப்பாடெல்லாம் அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, பறிக்கும் உரிமைக்காக வனத்துறையோடு பேச வேண்டியிருந்தது. அந்தப் பெண்களை ஒன்றுசேர்த்த சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி பரிசு (தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தருவது) கிடைத்தது. பாசி பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய வகுப்பு இவர்களுடையது.

மிதவையில் வளர்ப்பது வேறு பாசி. கப்பாபைகஸ் என்கிற அந்த வெளிநாட்டு இனத்துக்குக் குளிர்பான நிறுவனம் ஒன்றின் பெயரையே வைத்துவிட்டார்கள்: பெப்சிப் பாசி. மண்டபத்தில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளையும் இந்த வளர்ப்புமுறையைக் கரைக்குக் கொண்டுவந்தவை. இவற்றின் அளவுகள் நம்பத்தக்கவை.

12 அடிக்கு 12 அடி மூங்கில் சட்டம். நான்கு மூலையிலும் 4 அடிக் குறுக்குக் கழி, அது இல்லாவிட்டால் முதல் வாடைக்கே சட்டம் சாய்சதுரமாகிவிடும். ஒரு மிதவைக்கு 20 கயிறு, ஒரு கயிற்றில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 20 துண்டு, துண்டு ஒன்று 150 கிராம். பெருக்கிப் பார்த்தால் 60 கிலோ விதைப்பாசி. அடியில் பழைய வலையைக் கட்ட வேண்டும். பத்து மிதவையைச் சேர்த்துக் கட்டி நங்கூரம் போட்டு, 45 நாள் கழித்து எடுத்தால் நல்ல பருவத்தில் மிதவைக்கு 260 கிலோ வரை வரும். 60 கிலோவை அடுத்த விதைக்கு ஒதுக்கினால் மீதி 200. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ. விலை பேசும்போது ஈரப்பாசிக் கணக்கை ஒருவரும் காய்ந்த பாசிக் கணக்கை இன்னொருவரும் சொல்வார்கள், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஓர் ஆளுக்கு 45 மிதவை என்று சொல்வதன் சூட்சுமம் எளிது: நாளைக்கு ஒன்றாக எடுத்து, அன்றே திரும்பக் கட்டினால் 46ஆம் நாள் முதல் மிதவை மறுபடி தயார்.

கூடத்தில் படம் போட்டு ஒருநாளில் முடிக்கும் பயிற்சி இந்த எண்களைத்தான் தரும். கெட்டுப்போகிற இடங்களைத் தராது. முடிச்சு தளர்ந்தால் துண்டு நழுவும், இறுக்கினால் வளரவளர நூலே தண்டை அறுத்துவிடும். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் கண்ணி விட வேண்டும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது முப்பது முடிச்சுப் போட்டால்தான் கை பழகும். அடிவலையில் ஓட்டை விழுந்தால் ஓரா மீன் கூட்டமாக வந்து ஒரே வாரத்தில் நுனியெல்லாம் மேய்ந்துவிடும். கயிற்றை அவ்வப்போது உலுக்கி, சேற்றையும் தொற்றிய மற்ற பாசியையும் நீக்காவிட்டால் வெயில் உள்ளே இறங்காது. கோடையில் நீர் சூடேறும்போது கிளை வெள்ளையாகி, தொட்டால் நீர்த்துப்போய் ஒடியும். அந்தக் கிளையை வெட்டிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும், கடலிலேயே வீசக் கூடாது. 2013இல் வெப்பத்தால் கொத்துக்கொத்தாகப் பாசி அழிந்த பிறகு பலர் இந்தத் தொழிலையே விட்டார்கள். வற்றிலும் (கடல் நீர் இறங்கும் நேரத்திலும்) மிதவைக்கு அடியில் ஒரு மீட்டராவது தண்ணீர் நிற்கும் இடமாகப் பார்ப்பது, வெறும் மணலில் உலர்த்தாமல் வலை விரித்து உலர்த்துவது எல்லாம் அனுபவப்பட்ட அக்காமார் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அவர்களில் ஒருவரையாவது பயிற்றுநராக உட்காரவைத்த பயிற்சி என்றால் சேரலாம்.

இன்னொன்றையும் எந்தப் பயிற்சியிலும் கேட்டுத் தெளிய வேண்டும்: எங்கே வளர்க்கலாம்? 2005இல் வந்த அரசாணை பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும்தான் இந்தப் பாசியை அனுமதித்தது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இதே பாசி பவளப்பாறை மேல் படர்ந்து மூடியது பதிவாகியிருக்கிறது. இதைப் பேசாமல் வருமானத்தை மட்டும் பேசும் பயிற்சி பாதிப் பயிற்சி. மானியம் பற்றி: பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மிதவை ஒன்றுக்கு வைத்த தொகை 1,500 ரூபாய், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம். அதாவது 900 ரூபாய் அரசு, 600 கைக்காசு. மூங்கில், கயிறு விலையை முதலில் விசாரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது. தொண்டி அருகே வலமாவூரில் 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 127 கோடிக்கு மேல் மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரிய தொகைதான். நல்ல விதைப்பாசி கோடை கழிந்ததும் கையில் கிடைக்குமா என்பதை வைத்துத்தான் பெண்கள் அதை எடைபோடுவார்கள்.

கடலோரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டும் என்றால் இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி. வற்று நேரத்தில் போனால் ஓடைக்குள் படகு நுழையாது, ஏற்றம் எப்போது என்று முன்கூட்டியே கேட்டுப் போக வேண்டும். சாப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், நண்டும் இறாலும் சொன்ன பிறகுதான் அடுப்பேறும். விளக்கம் படகோட்டியைப் பொறுத்தது. பறவைப் பெயரோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அப்போது வெண்கண்டல் இலை ஒன்றைக் காட்டி, "அண்ணே, இதுல ஏன் உப்புக் கரிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். இலை தன் வழியாகவே உப்பை வெளியே தள்ளும் கதையிலிருந்து, சேற்றில் பென்சில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர் வரை பேச்சு நீளும். வெறுங்காலோடு அந்தச் சேற்றில் இறங்க வேண்டாம்.

கடைசியாகக் காகிதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அதற்கான நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது, 8,000 ஆக உயர்த்தப்போவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். பணம் தடைபடுவது பெரும்பாலும் அற்பக் காரணத்துக்கு: ரேஷன் அட்டையில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னோர் எழுத்து, பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு, கல்யாணமாகி வருஷமாகியும் பிரிக்காத அட்டை. பாசி எடுக்கும் பெண்களுக்கு இதற்கும் முந்தைய சிக்கல் ஒன்று உண்டு. படகில் போகாதவர் எப்படி மீனவர் என்று கேட்கிற மேசைகள் இன்னும் இருக்கின்றன. சங்கத்தில் உறுப்பினர் பதிவும் நலவாரிய அட்டையும் அவர்கள் பெயரிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையை மார்ச்சில் முடித்துவிட்டால் வரிசை சின்னது. ஏப்ரல் பாதிக்கு மேல் போனால் ஒருநாள் பாடு போய்விடும்.

படகில் ஒட்டிவைக்க இரண்டு எண்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. கைபேசிச் சிக்னல் கரையோரத்தோடு சரி. அதைத் தாண்டிப் போகிறவர்கள் வி.எச்.எப். என்கிற கம்பியில்லாத் தொடர்புக் கருவியை 16ஆம் சேனலில் வைத்திருக்க வேண்டும்.