கடலூர் உப்புக்காற்றில் குறுங்குழல் .32 ரிவால்வர்: பல வருஷப் பயன்பாட்டில் தெரியவருபவை

புதிதாக லைசென்ஸ் வாங்குபவர்கள் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு தூரம் சுடும்?" என்பது. தேவனாம்பட்டினத்திலோ முதுநகரிலோ குடியிருப்பவர் கேட்க வேண்டியது வேறு: "மழைக்காலம் முடியும்போது இது எப்படி இருக்கும்?" வருஷத்துக்குச் சில டஜன் தோட்டா மட்டுமே சுடப்படும் துப்பாக்கி சுட்டுத் தேய்வதில்லை. பீரோவுக்குள்ளேயே கெடுகிறது.

இங்கே பேசுவது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் ஆறு தோட்டா .32 (குழல் துளை அளவு, அங்குலத்தில்) ரிவால்வர் பற்றி. குழல் சுமார் மூன்று அங்குலம், எடை 700 கிராம் அளவு. நடுவில் ஒடித்துத் திறக்கும் வகை. 2014-ல் வந்த நிர்பீக் என்ற .32 ரிவால்வர் சுமார் 500 கிராம்தான். பையில் சுகமாக இருக்கும், ஆனால் எடை குறைந்த அளவுக்கு, சுடும்போது கையில் விழும் உதை கூர்மையாகத் தெரியும். 2023-ல் வந்த பிரபல் என்ற ரிவால்வர், தோட்டா இருக்கும் சிலிண்டரைப் பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. பராமரிப்பில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு "குழலில் துளை போட்டால் உதை குறையுமாமே" என்று கேட்பவர்கள் அதிகம். போர்ட்டட் குழல் என்பது முன் சைட்டுக்கு (குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் மேடு) பக்கத்தில், மேல்பக்கமாகத் துளைகள் வைத்தது. குண்டு வெளியேறும் முன்பே புகைவாயுவின் ஒரு பகுதி அந்தத் துளைகள் வழியே மேலே பீறிடும். அந்த விசை குழல் முனையைக் கீழே அழுத்தும். .44 மேக்னம் போன்ற தோட்டாவில் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு வரை அனுமதி. குழல் குட்டையாக இருந்தால் வெடிமருந்து முழுக்க எரியும் முன்பே குண்டு வெளியே போய்விடும், முனையில் மிச்ச வாயு ஏராளம். அங்கே துளை உண்மையாகவே வேலை செய்கிறது: முனை எகிறுவது குறைந்து அடுத்த குறி சீக்கிரம் கிடைக்கும். உள்ளங்கையில் விழும் அடி பெரிதாகக் குறையாது. இதற்கு விலை உண்டு. சத்தம் கூடும். இருட்டில் கண்ணுக்கு நேரே தீப்பிழம்பு எழும். உடம்போடு ஒட்டிப் பிடித்துச் சுட்டால் வாயுவும் ஈயத் துணுக்கும் முகத்துக்கு வரும். ஈயக் குண்டு சுட்டால் துளை ஓரங்களில் ஈயம் அப்பிக்கொள்ளும். முன் சைட் கரி பிடித்து மங்கும்.

நம் ரிவால்வர் சுடும் .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸன்) லாங் 1896-ல் வந்த தோட்டா. உச்ச அழுத்தம் 15,000 பவுண்டுதான். துளை வழியே தள்ளிவிட அதில் வாயுவே போதாது. இருக்கிற வேகமும் போகும். அதோடு குழலைத் துளைப்பது, வெட்டிக் குறைப்பது எல்லாம் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. லேத் பட்டறையில் செய்துகொள்ளும் வேலை அல்ல.

இந்தத் தோட்டாவை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் பெரும்பாலானோர் சுடுவது இதே தோட்டாவின் தட்டைமுனைக் குண்டு வகைதான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது இந்தப் பிரிவில். தோட்டாவில் துல்லியம் இருக்கிறது. குறுங்குழலில் அதை வெளியே கொண்டுவருவதுதான் கஷ்டம்.

கணக்கு எளிது. பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடைவெளி 12 சென்டிமீட்டர் என்று வைத்தால், முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டரில் குண்டு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் விலகும். பின்னாலுள்ள ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) இழுக்காமல் நேரடியாக ட்ரிகரை அழுத்திச் சுடும்போது, அந்தக் கனத்த இழுப்பில் ஒரு மில்லிமீட்டர் ஆடுவது சாதாரணம். இதற்கு வழி காலிப் பயிற்சி, அதாவது நிஜத் தோட்டா இல்லாமல் ட்ரிகர் அழுத்திப் பழகுவது. தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறைகளையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, போலித் தோட்டா போட்டு, பின்னால் ஆள் இல்லாத கெட்டிச் சுவரைப் பார்த்து அழுத்த வேண்டும். முன் சைட்டுக்குப் பின்னால் உள்ள பட்டையில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். தொடர்ந்து பன்னிரண்டு அழுத்தலுக்கு நாணயம் விழாத அன்றைக்கு ரேஞ்சுக்குப் போனால் தோட்டா வீணாகாது. 7 மீட்டரில் ஆரம்பிப்பது நல்லது. இடது கைவிரல் சிலிண்டரின் முன்விளிம்பைத் தாண்டவே கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சூடான வாயு பக்கவாட்டில் வெட்டும்.

ரேஞ்ச் என்றால் அனுமதி பெற்ற சுடுதளம் மட்டும். சில்வர் பீச் ஓரமோ, பண்ருட்டிப் பக்க முந்திரித் தோப்போ அல்ல. கல்யாணம், திருவிழாவில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நடுவில் ஒடியும் ரிவால்வரில் அதிகம் வரும் தொல்லை, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு மாட்டிக்கொள்வது. தயங்கித் தயங்கிப் பாதி திறந்தால், கூடுகளைத் தூக்கும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டர் எழுந்து திரும்ப விழும். அப்போது ஒரு கூட்டின் விளிம்பு அதன் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு மூடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. கம்பியால் நெம்பாமல், மறுபடி முழுக்கத் திறந்து நட்சத்திரத்தை உயர்த்திப் பிடித்து, விரல்நகத்தால் கூட்டைத் தள்ளி எடுக்க வேண்டும். ஒரே வீச்சில், கடைசி வரை திறப்பதுதான் பழக்கமாக வேண்டும். இரண்டாவது தொல்லை, எரியாத மருந்துத் துகள். நாலைந்து துகள் அந்த நட்சத்திரத்தின் கீழ் சிக்கினால் போதும், அது முடியளவு உயர்ந்து நிற்கும், சிலிண்டர் பிடித்துக்கொண்டு ட்ரிகர் நகராது. ஸ்ப்ரிங் போய்விட்டது என்று நினைத்துப் பிரிப்பவர்கள் உண்டு. பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் அடியைத் தட்டினாலே சரியாகிவிடும்.

.32 ஏசிபி பிஸ்டல் தோட்டாவும் அறைக்குள் நுழையும் என்பதால் சிலர் போட்டுச் சுடுகிறார்கள். செய்யவே கூடாது. அதன் அழுத்தம் 20,500 பவுண்டு. மேல் கொக்கியும் கீல் ஆணியும் அந்த அடியைத் தாங்கத் தாங்க லொடலொடக்க ஆரம்பிக்கும். மூடிய நிலையில் குழலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் போக வேண்டிய நேரம்.

ட்ரிகர் அழுத்தியும் வெடிக்காவிட்டால் முப்பது விநாடி இலக்கை நோக்கியே பிடித்திருங்கள். சத்தம் 'புஸ்' என்று மெலிந்து வந்தால் அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது; குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். ஈரம் கண்ட பழைய தோட்டாவில் இது நடக்கும்.

சுத்தம் அன்றைக்கே ஆக வேண்டும். திறந்தால் குழலின் பின்பக்கம் தெரிவது இந்த வகையின் பெரிய வசதி. சுத்தம் செய்யும் கம்பியைப் பின்னாலிருந்தே விட்டால் குழல் முனை தேயாது. சால்வென்ட் தொட்ட பித்தளை பிரஷ் பத்து முறை, பிறகு துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை, கடைசியில் எண்ணெய் தொட்ட துண்டு ஒன்று. ஆறு அறைக்கும் இதே வேலை. கன் ஆயில் இல்லையென்றால் தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் காறிப்போய்ப் பிசுபிசுக்கும், உள் ஸ்ப்ரிங்கைப் பிடித்துக்கொள்ளும்.

தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைக்கும்; ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்தில் உறை தொட்ட இடமெல்லாம் பழுப்புப் புள்ளி. தோல் பெல்ட்டில் செருகிய தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். துப்பாக்கி எண்ணெய்த் துணியில், தோட்டா தனியாகக் காற்றுப் புகாத டப்பாவில், இரண்டிலும் சிலிக்கா ஜெல். ஜெல்லின் நீல மணி ஈரம் பிடித்து இளஞ்சிவப்பானால் இளஞ்சூட்டில் வறுத்து மீட்கலாம். ஆனால் நீல மணியில் கோபால்ட் இருப்பதால் அந்தச் சட்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது. தோட்டாவில் எண்ணெய் தடவினால் ப்ரைமருக்குள் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பகுதி) இறங்கித் தோட்டா செத்துப்போகும். கரண்டில் ஓடும் ஈரநீக்கியை மட்டும் நம்ப முடியாது. 2011 டிசம்பர் தானே புயலுக்குப் பிறகு இந்த ஊரில் எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம் என்பது தெரியும். 2015 வெள்ளத்தை நினைத்தால், பெட்டகத்தைத் தரையில் வைக்காமல் இடுப்புயரத்துக்கு மேல் சுவரில் பதிப்பதே சரி.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனிலோ ஆர்ம்ஸ் டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நடத்தை விதி மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தது. கிட்டத்தட்ட மூன்று மாதம் யாரும் துடைக்காமல் ஒரு அலமாரியில். ஒப்படைக்கும் முந்தின நாள் கெட்டியான கிரீஸை உள்ளும் புறமும் தடவி, வரிசை எண்ணை ரசீதில் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். திரும்ப வாங்கியதும் கிரீஸை முழுக்க எடுத்து, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்த பிறகுதான் தோட்டா போட வேண்டும்.