மனநல கவுன்சலிங்குக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ்: சில வருட அனுபவம்

2021இல் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃப்ளோட்டர் பாலிசி எடுத்தோம். மாமியாருக்கு அடிக்கடி டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்ததால் ஓபிடி ஆட்-ஆனையும் (அட்மிட் ஆகாமல் பார்க்கும் சிகிச்சைச் செலவுக்கான கூடுதல் கவர்) சேர்த்துக்கொண்டோம். அதில் வருடத்துக்கு 10,000 ரூபாய் வரை கிடைக்கும். அடுத்த வருடம் எனக்கு பேனிக் டிசார்டர் (திடீர் திடீரென்று கடும் பதற்றம் வரும் நோய்) வந்தது. சென்னையில் நான் பார்த்த சைக்கியாட்ரிஸ்ட் மாத்திரையோடு சிபிடி என்ற கவுன்சலிங்கும் அவசியம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அந்த கவுன்சலிங் செலவை இந்தப் பாலிசியிலிருந்து வாங்குவதற்குப் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வேறு கம்பெனி பாலிசி வைத்திருக்கும் நண்பர்களுக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்திருக்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் பேசிய பல ஏஜெண்டுகளுக்கே இது தெரியவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்து, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்று அதன் 21(4) பிரிவு சொல்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் இதைப் பின்பற்றச் சொல்லி சுற்றறிக்கை அனுப்பியது. 2022 அக்டோபர் 31க்குள் எல்லா பாலிசிகளும் இதன்படி மாறிவிட வேண்டும் என்று பிறகு இன்னொரு முறையும் சொன்னது. ஆகவே "எங்கள் பாலிசியில் மனநோய்க்கு கவர் கிடையாது" என்று இன்று யாரும் சொல்ல முடியாது. என்னிடமும் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் ஊர் ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரிக் கட்டிலை வைத்துக் கட்டப்பட்டது. 24 மணி நேரம் அட்மிட் ஆனால்தான் அடிப்படை பாலிசி வேலை செய்யும். கண் புரை, டயாலிசிஸ் மாதிரி சில சிகிச்சைகளுக்கு மட்டும் டே-கேர் என்று விலக்கு உண்டு. மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ சிகிச்சை எடுப்பவர்களில் பெரும்பாலோர் அட்மிட் ஆவதே இல்லை. வாரம் ஒருமுறை ஓர் அறையில் உட்கார்ந்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் பேசுவதுதான் அவர்களுக்குச் சிகிச்சை. சட்டம் தரச் சொன்ன சமத்துவத்தைக் கட்டிலில் படுத்தவருக்குத் தருகிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தருவதில்லை. 2021 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் மனநலச் சிகிச்சைக்கான கிளெய்மை மறுத்த ஒரு கம்பெனியைப் பணம் தரச் சொன்ன தீர்ப்பும் அட்மிட் ஆன ஒருவருடைய வழக்கில்தான் வந்தது.

ஓபிடி ஆட்-ஆன் இருப்பதால் எனக்குப் பிரச்சினை வராது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சைக்கியாட்ரிஸ்ட் ஃபீஸும் மாத்திரைச் செலவும் தாமதமில்லாமல் வந்துவிட்டன. எனக்கு கவுன்சலிங் தந்த சைக்காலஜிஸ்ட்டின் பில்கள் மட்டும் திரும்பி வந்தன. ஒரு செஷனுக்கு 1,800 ரூபாய். மாதத்துக்கு நான்கு என்றால் 7,200. மறுப்புக் கடிதத்தில் சொல்லியிருந்த காரணம், ஆலோசனை வழங்கியவர் பாலிசி வரையறைப்படி "மருத்துவர்" இல்லை என்பது. பாலிசியை எடுத்துப் படித்தால் அவர்கள் சொல்வது சரிதான். மாநில மருத்துவக் கவுன்சிலிலோ இந்திய மருத்துவக் கவுன்சிலிலோ ஆயுஷ் கவுன்சில்களிலோ பதிவு செய்தவர்தான் மருத்துவர் என்று வரையறை போட்டிருக்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பதிவு செய்வது இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில். அவர் எத்தனை வருடம் படித்திருந்தாலும் இந்த வரையறைக்குள் வர முடியாது. இத்தனைக்கும் 2017 சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று தனியாக வரையறுத்து, மனநல வல்லுநர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்திருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்தவர் பாலிசிக்குத் தெரியாதவராக இருக்கிறார்.

மறுப்பு வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கம்பெனிக்காக கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் டிபிஏ நிறுவனத்திலிருந்து ஒரு கொயரி வந்தது, செஷன் நோட்ஸை அனுப்பச் சொல்லி. போன் செய்து விசாரித்தேன். எதிர்முனையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "என்ன ட்ரீட்மென்ட்னு தெரியணும் மேடம். உள்ள என்ன பேசினீங்கன்னு ஒரு சம்மரி குடுத்தா போதும்" என்றான். எனக்குக் கை நடுங்கியது. மூச்சு முட்டி பஸ்ஸிலிருந்து பாதியில் இறங்கியதையும், என் அப்பாவின் சாவையும், வேறு யாரிடமும் சொல்லாத சிலவற்றையும் பேசிய அறை அது. அதையெல்லாம் ஒரு பிடிஎஃப்பாக்கி அப்லோடு செய்தால் 1,800 ரூபாய் கிடைக்கும் என்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். என் சைக்காலஜிஸ்ட்டும் மாட்டேன் என்றார். "உங்க நோட்ஸ் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான். அவங்களுக்கு எது தேவையோ அதை நான் சர்ட்டிபிகேட்டா தரேன்" என்று சொல்லி, அவருடைய பதிவு எண், செஷன் நடந்த தேதிகள், சிகிச்சை வகை, நோய்க்கான ஐசிடி குறியீடு, எந்த டாக்டர் அனுப்பினார் என்ற விவரங்களோடு ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பேனிக் டிசார்டருக்கு எஃப் 41.0. அதற்குப் பிறகு செஷன் நோட்ஸை யாரும் கேட்கவில்லை. மனநோய் சிகிச்சை பெறுபவருக்குத் தன் விவரங்களின் ரகசியம் காக்கப்படும் உரிமை அதே 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவில் இருக்கிறது. உங்களிடம் யாராவது நோட்ஸ் கேட்டால் அந்தப் பிரிவைச் சொல்லி, சர்ட்டிபிகேட் மட்டும் அனுப்புங்கள்.

சரி, மறுத்துவிட்டார்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு 21(4)ஐக் காட்டி எழுதினேன். மனநோயை நாங்கள் விலக்கவில்லை, சைக்கியாட்ரிஸ்ட் ஃபீஸைக் கொடுத்திருக்கிறோமே என்று பதில் வந்தது. ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் புகாரைப் பதிந்தேன். 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். அந்தப் புகார் கம்பெனிக்கே போய், கம்பெனி அதே பதிலைத் திரும்ப ஒட்டியது. ஆனாலும் அந்தப் படியைத் தாண்டாமல் விடாதீர்கள். எழுத்தில் இருக்கும் ஒவ்வொரு பதிலும் பின்னால் உதவும்.

எனக்கு வழி காட்டியது மாமியாரின் பழைய பில்தான். அவருக்கு ஃப்ரோஸன் ஷோல்டர் வந்து கையைத் தூக்க முடியாமல் இருந்தபோது, எலும்பு டாக்டர் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார். அந்த பிசியோதெரபி பில்களை இதே ஆட்-ஆனில் இதே கம்பெனி ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்திருந்தது. பிசியோதெரபிஸ்ட்டும் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த சிகிச்சை என்ற கணக்கில்தான் பாஸ் செய்திருக்கிறார்கள். என் சிபிடியும் டாக்டர் எழுதிக் கொடுத்த சிகிச்சைதான். தோள்பட்டைக்கு ஒரு அளவுகோல், மனதுக்கு வேறு அளவுகோல் என்றால் "அதே அடிப்படையில்" என்று சட்டம் சொல்வதற்கு என்ன பொருள்? இதைத்தான் நான் என் வாதமாக வைத்துக்கொண்டேன். இதை உங்களுக்குப் பயன்படும் என்பதற்காகவே விவரமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது பிசியோதெரபி, டயட்டீஷியன், ஸ்பீச் தெரபி பில் பாஸ் ஆகியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்த வாதத்தோடு, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஆம்பட்ஸ்மேனிடம் போனேன். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதியும் கிடையாது, நாமே பேச வேண்டும். முதலில் கம்பெனிக்கு எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் தீர்ப்புச் சொல்லலாம். என்னுடையது சில ஆயிரம்தான். சின்னத் தொகைக்குப் போய் இவ்வளவு தூரம் வருகிறாயா என்று வீட்டிலேயே கேட்டார்கள். விசாரணை வீடியோவில் நடந்தது. கம்பெனி தரப்பில் பேசியவர் வரையறையைப் படித்தார். நான் இரண்டு டாக்டர் சீட்டுகளையும் காட்டினேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று மாமியாருடையது. ஓபிடி வரம்பில் அந்த வருடத்துக்கு மிச்சமிருந்த தொகை முழுவதையும் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. கம்பெனி அதை 30 நாளுக்குள் நிறைவேற்றியாக வேண்டும். பணம் வந்தது. மொத்தச் செலவில் அது ஒரு சின்னப் பங்குதான். ஆனால் அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

இத்தனையும் செய்ய வேண்டியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும் நிலையில் இருப்பவர். எனக்குக் கணவர் துணை இருந்தார், ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதத் தெரிந்தது. அது இல்லாதவர்கள் முதல் மறுப்புக் கடிதத்தோடு நிறுத்திவிடுவார்கள், சிலர் கவுன்சலிங்கையே நிறுத்திவிடுவார்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான்.

அப்புறம் ஒரு ரினியூவலில் ஆட்-ஆன் விதிகளைக் கம்பெனி மாற்றியது. இப்போது "மனநல ஆலோசனை" என்று தனியாகவே ஒரு வரி இருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் கம்பெனியின் ஆப்பில், அவர்கள் பட்டியலில் இருப்பவர்களிடம்தான் பேச முடியும். அரை மணி நேர வீடியோ கால். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வருகிறார், முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் பேசுபவர் என்று தேடினால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது. கிடைத்த ஒருவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு மாலை நேரம் காலியே இல்லை. பேனிக் வரும்போது எனக்குள் ஓடும் வார்த்தைகள் தமிழில்தான் ஓடுகின்றன, அவற்றை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லும்போதே பாதி போய்விடுகிறது. பழகிய சைக்காலஜிஸ்ட்டிடம் கைக்காசைக் கொடுத்தே தொடர்கிறேன். இப்போது மாதம் ஒரு செஷன் போதும் என்கிறார்.

ஆபீஸ் குரூப் பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ஓபிடி இல்லை. ஊழியர் உதவித் திட்டத்தில் சில செஷன்கள் இலவசமாகத் தருகிறார்கள். ஆரம்பத்தில் ஒருவரிடம் பேசிப் பார்க்க அது பரவாயில்லை, சிகிச்சைக்குப் போதாது.

புதிதாகப் பாலிசி எடுக்கப் போகிறவர்களுக்கு வேறொரு பயம் இருக்கும்: கவுன்சலிங் போனதை ப்ரொபோசல் படிவத்தில் சொன்னால் பாலிசி கிடைக்காதோ என்று. சொல்லுங்கள். சொன்னால் முன்பே இருந்த நோய் என்று வெயிட்டிங் பீரியட் போடுவார்கள். 2024 விதிகளின்படி அது அதிகபட்சம் 36 மாதம். சொல்லாமல் விட்டால், 60 மாத மொராட்டோரியம் முடிகிற வரை எந்தக் கிளெய்மிலும் அதைத் தோண்டி எடுத்து மறுக்க அவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. மோசடி என்று நிரூபித்துவிட்டால் அதற்குப் பிறகும் மறுக்கலாம். இதய நோய்க்கு அட்மிட் ஆனபோது பழைய மாத்திரைச் சீட்டைக் காட்டி மறுத்தார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். மனநோய் உள்ளவர்களுக்கென்று பாலிசிகள் கொண்டுவர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ 2023 பிப்ரவரியில் உத்தரவு போட்டிருக்கிறது. ஒரு கம்பெனி மறுத்தால் அடுத்ததைக் கேளுங்கள்.

பாலிசி எடுக்கும் முன் ஏஜெண்டிடம் வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாமல், கம்பெனிக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து, மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் எடுக்கும் தெரபிக்கு, நேரில் போனாலும் பணம் வருமா என்று அதே வார்த்தைகளில் கேளுங்கள். "மனநலம் கவர் ஆகும்" என்று மட்டும் பதில் வந்தால், அது நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை, மறுபடி கேளுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி என்றும், கிளெய்ம் ரிவியூ கமிட்டி பார்த்ததா என்றும் எழுதிக் கேளுங்கள். அந்தக் கமிட்டியின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்று 2024 மே 29 தேதியிட்ட மாஸ்டர் சர்க்குலர் சொல்கிறது. பில் எப்போதும் சைக்கியாட்ரிஸ்ட்டின் சீட்டு தேதிக்குப் பிந்தைய தேதியில் இருக்கட்டும். சீட்டில் "கவுன்சலிங்" என்று மொட்டையாக இல்லாமல், என்ன நோய்க்கு என்ன தெரபி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணத்துக்காக யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். 14416க்குக் கூப்பிட்டால் டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம், இலவசம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும், ஆனால் மாத்திரையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள்.

இந்த ஆட்-ஆனுக்கு நான் கட்டுவது வருடம் 4,200 ரூபாய். முன்பு அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு அது இல்லை. சைக்கியாட்ரிஸ்ட் ஃபீஸ், மாத்திரை, மாமியாரின் பிசியோதெரபி எல்லாம் சேர்த்தால் கட்டியதைவிடக் கூடுதலாகத்தான் திரும்ப வருகிறது. அதனால் ஆட்-ஆனை விடவில்லை. கவுன்சலிங்குக்காக மட்டும் எடுப்பதாக இருந்தால், ஆப்பில் மட்டும்தான் என்று சொல்லும் ஆட்-ஆனுக்கு இந்தத் தொகையைக் கொடுக்க மாட்டேன். அந்த 4,200ஐ வைத்து என் சைக்காலஜிஸ்ட்டிடம் இரண்டு செஷன் போய்விட்டு வரலாம்.