பழைய லீஃப் மொட்யூலா, புது எல்எஃப்பி செல்லா?

அடிபட்ட நிசான் இ-என்வி200 மின்சார வானை வீட்டு முற்றத்தில் திரும்ப ஓடவைக்க முதல் கேள்வி பற்றரிதான். நிசானின் மின்சாரக் காரான லீஃபிலிருந்து கழற்றிய மொட்யூல்கள் (சில செல்களைச் சேர்த்த பற்றரிக் கட்டுகள்) என்றால் வேலை பாதி: 24 கிலோவாட்-மணி பற்றரிக்கு 48 மொட்யூல், தொடரில் 96 செல், ஏறக்குறைய 360 வோல்ட், வானும் அதற்கே பழகியது. ஆனால் சூட்டில் கெதியாகத் தேயும் சாதி, திருகோணமலை வெயிலில் கேட்கவே வேண்டாம், ஒவ்வொன்றாக அளக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பொஸ்பேற் செல், சூட்டைத் தாங்கும், லேசில் தீப்பிடிக்காது. சரி, ஒரு செல் 3.2 வோல்ட்தானே, அதே மின்னழுத்தத்துக்குத் தொடரில் 112 செல் வேணும், செல்களைக் கண்காணிக்கும் புது பிஎம்எஸ்ஸை வானோடு பேசவைப்பது தனித் தலையிடி. உப்புவெளிக் கடற்காற்று இரண்டின் இணைப்புகளையும் அரிக்கும்.

எதுவானாலும் பற்றரியின் உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, மின்தேக்கிகளில் தேங்கிய மின் இறங்கும்வரை பொறுத்து, மீற்றரில் பார்த்த பிறகே கை வையுங்கள். நிலாவெளிக்கும் சந்தைக்கும் ஓட நான் லீஃபைத்தான் எடுப்பேன்.