லேசான ஆட்டிசம்: எந்தப் பரிசோதனை எதைப் பிடிக்கும், எதை விடும்?

நன்றாகப் பேசுகிற, மார்க்கும் வாங்குகிற ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் ஆட்டிசத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. 'ஒன்றரை வயதில் எம்-சாட் (பெற்றோர் பதில் சொல்லும் ஆரம்பக் கேள்வித்தாள்) பார்த்தோம், பிரச்சினை இல்லை என்றார்கள்' என்பது இங்கே உதவாது. அந்த 20 கேள்விகள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானவை. லேசான ஆட்டிசம் அதில் தப்பிவிடலாம்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குக் கேட்பது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். மொத்தம் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது. செலவு குறைவு, சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு நடத்தை எத்தனை முறை வருகிறது என்பதை வைத்தே மதிப்பெண். வெளியே அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வெடிக்கிற பிள்ளை, குறிப்பாகப் பெண் குழந்தை, 65-இல் நின்றுவிடலாம்.

கார்ஸ்-2 என்ற இன்னொரு மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்தினால் எந்தப் படிவம் என்று கேளுங்கள். அதில் இரண்டு படிவங்கள். இரண்டிலும் 15 அம்சங்கள்தான். ஆனால் சரளமாகப் பேசும், 6 வயதைத் தாண்டிய, ஐ.க்யூ. 80-க்கு மேலுள்ள பிள்ளைகளுக்குத் தனிப் படிவம் உண்டு. அதை விட்டுச் சாதாரணப் படிவத்தில் போட்டால் மதிப்பெண் குறைந்து, 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடலாம். அடிக்கடி நடக்கிற தவறு இது.

லேசான வகைக்கு, பிள்ளையோடு நேரில் பேசி, விளையாடிக் கவனிக்கும் அடாஸ்-2தான் எங்கள் தேர்வு. 40 முதல் 60 நிமிடம். சரளமாகப் பேசும் பிள்ளைக்கு அதன் மூன்றாம் மாட்யூல் (பகுதி). 'நான் போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன்' என்று சொல்லிவிட்டுப் பரிசோதகர் சும்மா இருப்பார். 'எந்த ஊர்?' என்று பிள்ளை கேட்கிறதா, இல்லை விட்ட இடத்திலிருந்து தன் மெட்ரோ ரயில் கதையையே தொடர்கிறதா? பல் தேய்ப்பதை நடித்துக் காட்டச் சொல்லும்போது பேச்சும் கையும் கண்ணும் சேர்ந்து வருகிறதா? கேள்வித்தாளில் இதெல்லாம் அகப்படாது.

அதற்கும் ஓட்டை உண்டு. அமைதியான அறை, பொறுமையான பெரியவர் ஒருவர்: சகபிள்ளைகளிடம் திணறுகிற குழந்தைகூட அங்கே சமாளித்துவிடும். ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும்) உள்ள பிள்ளைக்கு வேண்டாத மதிப்பெண்ணும் ஏறலாம். அதனால் சின்ன வயது வளர்ச்சி விவரத்தைப் பெற்றோரிடம் விலாவாரியாகக் கேட்காமல், இடைவேளையில் பிள்ளை யாரோடு இருக்கிறது என்று வகுப்பாசிரியர் எழுதித் தராமல் முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். காது கேட்கும் பரிசோதனையும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஐ.எஸ்.ஏ.ஏ.வை ஒதுக்கவும் முடியாது. அரசுச் சலுகைகளுக்கான 40 சதவீத மாற்றுத்திறன் சான்றிதழுக்கு அடாஸ் ரிப்போர்ட் மட்டும் போதாது. அந்த வரிசையில் தனியாக நிற்கத்தான் வேண்டும்.